பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்க வைக்கும் பட்டறை: ராமேஸ்வரம் சாலையிலிருந்து ஒரு மதிப்புரை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, ராமேஸ்வரம் சாலையோரத்தில் இயங்கும் சிறிய பெயிண்டிங் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இருசக்கர வாகனங்களின் மட்கார்டு, சைடு பேனல் முதலிய பாகங்களுக்கு அவர்கள் பெயிண்ட் அடிக்கிறார்கள். மீன் வியாபாரிகளின் ஐஸ் பெட்டிகளிலும் விசைப்படகுகளின் மீன் பெட்டிகளிலும் பெயரும் எண்ணும் எழுதித் தருகிறார்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது என்பது இந்தக் கரையில் பலரும் ஏற்றுக்கொண்டுவிட்ட முடிவு. பாம்பனிலும் மண்டபத்திலும் படகு அணையும் இடங்களில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் அதற்கான காரணம் தெரியும். எனாமலில் எழுதிய எண்களில் பாதி உரிந்து போயிருக்கும், மீதியை வைத்துக்கொண்டு எது யாருடைய பெட்டி என்று பேச்சு வளரும். இந்தப் பட்டறையில் எழுதி வாங்கிய பெட்டிகளோ ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஒரு பருவம் முழுவதும் புழங்கிய பிறகும் எண்களை இழக்கவில்லை. அதைக் கண்ட பிறகே என் ஸ்கூட்டரின் பாகங்களையும் அங்கே கொடுத்தேன்.

அவர்கள் முதலில் செய்வது, வந்திருப்பது எந்த பிளாஸ்டிக் என்று பார்ப்பது. பாகத்தைத் திருப்பி உட்புறத்தில் பொறித்திருக்கும் குறியைத் தேடுகிறார்கள். முக்கோணத்துக்குள் 2 என்றால் ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரோப்பிலீன், அதாவது பிபி. வண்டிப் பாகங்களில் பெரும்பாலும் பிபி, அல்லது ஏபிஎஸ் என்னும் இன்னொரு பிளாஸ்டிக் வகையின் எழுத்துகளே இருக்கும். குறி அழிந்திருந்தால் ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சீவி நல்ல தண்ணீரில் போடுகிறார்கள். பிபியும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். டால்க் போன்ற நிரப்பிகள் கலந்த பிபி சில வேளைகளில் மூழ்கிவிடும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் அவர்கள் நம்பி நிற்பதில்லை. என்ன பிளாஸ்டிக் என்று கேட்காமலே பிரைமர் டப்பாவைத் திறக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை கெடுவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஏபிஎஸ்ஸில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபியும் பாலிஎத்திலீனும்தான் சிக்கல். அவற்றின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் தன்மையின் அளவு, மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன், ஏபிஎஸ்ஸுக்கு 40ஐ ஒட்டி வரும். ஆற்றல் குறைந்த பரப்பில் திரவம் பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டுகொள்கிறது. பரவாத பெயிண்ட் பிடிக்காது, பிடித்ததுபோல் தோன்றினாலும் காய்ந்த பின் செதில் செதிலாக எழும்பும். போதாததற்கு, பொருள் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர அடிக்கும் சிலிகான், வார்க்கும்போதே கலக்கும் வழுக்குப் பொருள்கள், பயன்பாட்டில் ஏறும் மெழுகு பாலிஷ், நம் ஊரில் மீன் எண்ணெயும் உப்பும் என்று அந்தப் பரப்பின்மேல் பல படலங்கள் கிடக்கின்றன.

ஆகவே இங்கே கழுவும் வேலையே நீளமானது, இந்தப் பட்டறையை நான் மதிப்பதும் அதற்காகவே. சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுவதும் உலர்த்துகிறார்கள். பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கிவிடும் என்பதால் போர் தண்ணீரில்கூட அலசாமல், குடிநீர் லாரியில் வாங்கிய தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கிறார்கள். ஒரே துணியை வைத்துக்கொண்டு துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர நீங்காது. இவ்வளவுக்கும் பிறகுதான் எமரி பேப்பர். அழுக்கோடு தேய்த்தால் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும் என்று மேஸ்திரி விளக்கினார், அது முற்றிலும் சரி. ஏபிஎஸ் பாகங்களைத் தின்னரால் துடைப்பதையும் அவர் அனுமதிப்பதில்லை. வீரியமான தின்னர் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும், அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும்.

மீன் பெட்டிகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் அடுத்து தீ காட்டுகிறார்கள். கேஸ் டார்ச்சின் நீலச் சுடர் நுனியை, எழுத வேண்டிய இடத்தின்மேல் எங்கும் நிற்காமல் வேகமாக ஓட்டுகிறார்கள். உருக்குவது இதன் நோக்கமன்று. பரப்பின் மேல் அடுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து, பெயிண்ட் பற்றிக்கொள்ளத் தகுந்த ஆக்சிஜன் சேர்ந்த வேதித் தொகுதிகள் அங்கே உருவாகின்றன. மஞ்சள் சுடர் பட்டால் கரி படியும், சுடர் ஒரு நொடி தங்கினால் பெட்டி நெளியும். கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டில் முயல வேண்டாம். பின்னர் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் முத்துமுத்தாக உடையாமல் ஒரே படலமாக நின்றால் அடுத்த கட்டம், உடைந்தால் மீண்டும் தீ. இந்த மாற்றம் நாள்பட மங்கும் என்பதால், தீ காட்டிய பெட்டியை அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள்.

பிபி வண்டிப் பாகங்களுக்குத் தீக்குப் பதிலாக, குளோரினேற்றிய பாலிஓலிஃபின் (பிபியின் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்) அடங்கிய நிறமற்ற ஒட்டுப் பிரைமரை அடிக்கிறார்கள். அது மிக மெல்லியதாக, 5 முதல் 10 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். பிடிப்பு கூடும் என்று எண்ணித் தடிமனாக அடித்தால் அந்தப் படலமே இரண்டாகப் பிளந்து, மேலிருக்கும் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மேல் நிறமும், இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த பாலியூரித்தேன் கிளியர் கோட்டும், அதாவது நிறமற்ற மேல்பூச்சும் வருகின்றன. வளையும் பாகம் என்றால் நெகிழ்வூட்டியும் சேர்க்கிறார்கள்.

என் வேண்டுகோளின்பேரில், பேனலின் உட்புறத்தில் அடித்த இடத்தில் குறுக்குவெட்டுச் சோதனை செய்து காட்டினார்கள். பிளேடால் நெருக்கமான கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் கீறி, சிறு கட்டங்கள்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தார்கள். ஒரு கட்டமும் கழன்று வரவில்லை. ஏஎஸ்டிஎம் டி3359 என்னும் தர முறையில் இது 5பி, அதாவது உயர்ந்த நிலை. பிளேடின் இடைவெளியை அவர்கள் கண்ணளவில் வைத்ததால் இதை ஆய்வகச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் கேட்டவுடன் தயங்காமல் செய்து காட்டும் பட்டறை என் மதிப்பில் உயர்ந்தது.

குறைகளும் உண்டு. தூசியை அடைத்து நிறுத்தும் தனி அறை இல்லை, பிளாஸ்டிக் ஷீட் கட்டிய கொட்டகைதான். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் துகள்கள் கிளியர் கோட்டில் உட்கார்ந்துவிடுகின்றன. என் மட்கார்டில் அப்படி உட்கார்ந்தவற்றைத் தேய்த்துப் பாலிஷ் செய்து கொடுத்தார்கள், என்றாலும் சாய்ந்த வெயிலில் பார்த்தால் இடம் தெரிகிறது. மழைக் காலத்தில் ஹார்ட்னர் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழி விடும் என்பதால் வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். அது சரியான முடிவு, ஆனால் அதை வாடிக்கையாளருக்குப் போனில் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். எந்த பிரைமர், எந்த ஹார்ட்னர் என்று ரசீதில் எழுதுவதும் இல்லை. பின்னால் ஒரு பாகத்தை மட்டும் மறுபடி அடிக்க நேர்ந்தால் அந்தக் குறிப்பு அவசியம். கூலி மற்ற இடங்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கழுவுவதிலும் சோதிப்பதிலும் போகும் நேரத்தைப் பார்த்த பின் அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

ஹெல்மெட்டை மட்டும் எவ்வளவு கேட்டாலும் வாங்க மறுக்கிறார்கள். பெயிண்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் அதன் ஓட்டைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதே காரணம், அதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெட்டிகள் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் முற்பகுதியே நல்ல நேரம். பெட்டிகள் அப்போது சும்மா கிடக்கும், கச்சானும் வலுத்திருக்காது. வாங்கி வந்த பின் ஒரு வாரமாவது உப்புத் தண்ணீர் படாமல், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் நிழலில் வைத்திருங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் பெயிண்ட் உள்ளுக்குள் முழுமையாக இறுக அவ்வளவு நாள் பிடிக்கும்.