கேரி கிராண்டா, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டா: யாரிடமிருந்து தொடங்கலாம்?

பழைய ஹாலிவுட் படங்களுக்குள் நுழைபவர்கள் இந்த இரண்டு நடிகர்களின் பெயர்களில் தடுமாறுவது இயல்பு. இருவருமே திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்குடன் தலா 4 படங்கள் செய்தவர்கள்.

தொழில்
கிராண்ட்: 1930களின் நடுவிலேயே பாரமவுண்ட் ஸ்டுடியோவின் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். பிறகு எந்த ஒரு ஸ்டுடியோவுக்கும் முழுதாகக் கட்டுப்படவில்லை.
ஸ்டூவர்ட்: எம்ஜிஎம் ஸ்டுடியோவின் சம்பள நடிகர். ஆனால் 1950இல் 'வின்செஸ்டர் 73' படத்துக்குச் சம்பளத்தை விட்டு லாபத்தில் பங்கு வாங்கினார். கெட்டிக்காரப் பேரம்!

நடிப்பு
கிராண்ட்: கோட்டு கலையாமல் கோமாளித்தனம் செய்வார். பிரிஸ்டலில் பிறந்து, சிறுவயதிலேயே கழைக்கூத்துக் குழுவில் பயின்ற உடம்பு அது.
ஸ்டூவர்ட்: தயங்கித் தயங்கிப் பேசும் பக்கத்து வீட்டுப் பையனாகத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியாகப் பறந்து திரும்பினார். அதற்குப் பின் இயக்குநர் ஆந்தனி மான் எடுத்த வெஸ்டர்ன்களில் (கௌபாய் படங்களில்) முகத்தில் ஒரு வெறி தெரியும். 'வெர்டிகோ'வில் (1958) அது பயமுறுத்தும் அளவுக்குப் போகிறது. வீச்சில் இவரே மேல் என்பேன்.

ஆஸ்கர்
1940இல் வந்த 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி'யில் இருவரும் உண்டு. விருது ஸ்டூவர்ட்டுக்கு, கிராண்டுக்குப் பரிந்துரைகூட இல்லை. அநியாயம்தான். 1970இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

ஓய்வு
கிராண்ட்: 1966இல் நிறுத்திக்கொண்டார்.
ஸ்டூவர்ட்: அதன் பிறகும் நடித்தார்.

சிரிக்க வேண்டுமானால் கிராண்டின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'. வசனம் படுவேகம், சப்டைட்டில் அவசியம். பதற்றம் பிடிக்குமென்றால் ஸ்டூவர்ட்டின் 'ரியர் விண்டோ'.