பழைய தாதுச் சுரங்க ஊர்களின் மலைப்பாதைக்கு எந்த வண்டி: க்ராஸ்ஓவரா, லோ ரேஞ்ச் உள்ளதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லோ ரேஞ்ச் கட்சி. லோ ரேஞ்ச் என்றால் இன்ஜினின் சுற்றை இன்னும் ஒருமுறை குறைத்து வண்டியை மெதுவாக ஊர வைக்கும் கூடுதல் கியர். க்ராஸ்ஓவர் என்பது காரைப் போலக் கட்டிய, கொஞ்சம் உயரமான வண்டி, அதில் பெரும்பாலும் இது இருக்காது. க்ராஸ்ஓவரை விற்றுவிட்டு பழைய டொயோட்டா ஃபோர்ரன்னர் ஒன்றை வாங்கி இரண்டு கோடை ஆகிறது. தனி சேஸிஸ், லோ ரேஞ்சைக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைக் கையால் போடும் லீவர் எல்லாம் உள்ள வண்டி. அதனால் கீழே இருப்பது நடுநிலையான தீர்ப்பு இல்லை. ஆனால் க்ராஸ்ஓவரிலும் இதே பாதைகளில் நாலு வருடம் சுற்றியிருக்கிறேன் என்பதால் அதன் நல்லதையும் மறைக்க மாட்டேன்.

மனசு மாறிய இடம் அமெரிக்காவில் கொலராடோவின் தென்மேற்கு மூலையில் உள்ள சான் ஹுவான் மலை. சில்வர்டன், யூரே, லேக் சிட்டி ஆகிய மூன்று பழைய சுரங்க ஊர்களை மலைமேலாக இணைக்கும் சுமார் 65 மைல் வளையத்தை ஆல்பைன் லூப் என்பார்கள். நாங்கள் க்ராஸ்ஓவரில், மனைவியின் அண்ணன் அவருடைய பழைய ஃபோர் வீல் டிரைவில். சில்வர்டனிலிருந்து அனிமாஸ் ஃபோர்க்ஸ் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. 11,200 அடி உயரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஊர் அது. 1873-ல் முதல் மரக்குடில் எழுந்தது. 1884-ல் 23 நாள் விடாமல் அடித்த பனிப்புயலில் 25 அடி பனி குவிந்து, வீட்டுக்கு வீடு பனிக்குள் சுரங்கம் தோண்டி நடந்திருக்கிறார்கள். வெளிப்புறம் பிதுங்கிய ஜன்னல் வைத்த வீடு ஒன்று இன்னும் கெட்டியாக நிற்கிறது. படம் எடுத்தோம், சாப்பிட்டோம், 'இவ்வளவுதானா மலைப்பாதை' என்று பேசிக்கொண்டோம்.

அங்கிருந்து சின்னமன் பாஸ் என்ற கணவாய், 12,640 அடி. ஏறும்போது இன்ஜின் திணறியது, ஆனால் ஏறிவிட்டது. மறுபக்கம் லேக் சிட்டியை நோக்கி இறங்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"ஏங்க, ஏதோ கருகுற வாடை வருதே?"

"உங்க அண்ணன் வண்டியா இருக்கும்" என்றேன். அண்ணன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் வண்டியின் பிரேக் லைட் எரியவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் கால் உச்சியிலிருந்தே பிரேக்கை விட்டு எடுபடவில்லை. அடுத்த வளைவில் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தினேன். முன்சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியவில்லை. அவர் திரும்பி நடந்து வந்து பார்த்துவிட்டு, "ஆறட்டும் மாப்ள, முக்கால் மணி நேரம் ஆகும். தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, டிஸ்க் கோணிக்கும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் க்ராஸ்ஓவர் சொகுசு, ஃபோர்ரன்னர் ஆடும். பெட்ரோலில் போட்டியே இல்லை. ஐந்தாம் தலைமுறை ஃபோர்ரன்னர் ஃபோர் வீலுக்கு அரசு கணக்கு கேலனுக்கு 17 மைல்தான், நல்ல க்ராஸ்ஓவர் 29-க்கு மேலும் போகும். கிரவுண்ட் கிளியரன்ஸைப் பற்றி எல்லோரும் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். க்ராஸ்ஓவர்களிலேயே 8.7 அங்குலம் கிடைக்கிறது, ஃபோர்ரன்னரின் ஆஃப்ரோடு ரகங்களில் 9.6. ஒரு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. இடிப்பது வயிறு இல்லை, பெரும்பாலும் முன் பம்பரின் தாடை.

சுரங்கப் பாதைகளில் ஒரு ரகசியம் இருக்கிறது. பாதையை யாருக்காக வெட்டினார்கள் என்று தெரிந்தால், எந்த வண்டி வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சில்வர்டனிலிருந்து அனிமாஸ் ஃபோர்க்ஸ் போகும் பாதையை ஒட்டி ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஆட்டோ மியர்ஸ் என்பவர் போட்ட குறுகிய பாதை ரயில், 1904-ல் ஊர்வரை வந்து சேர்ந்தது. ரயிலுக்குச் செங்குத்து ஆகாது. அதனால்தான் அந்தப் பக்கம் ஏற்றம் சீராக இருக்கிறது, எங்கள் க்ராஸ்ஓவரும் முனகாமல் போனது. அடுத்த ரகம் குதிரை வண்டிக்காக வெட்டிய பாதை. சுங்கம் வாங்கி வண்டி விட்ட காலத்துப் பாதைகள் இந்த மலைகளில் நிறைய. கொஞ்சம் செங்குத்து, ஆனாலும் ஒரு கணக்கு இருக்கும். மூன்றாவது, கழுதை முதுகில் தாதுவை ஏற்றி இறக்கிய தடத்தைப் பின்னாளில் அகலப்படுத்திய பாதை. கழுதைக்கு இன்ஜினீயர் தேவையில்லை, எங்கே கால் வைக்க முடியுமோ அதுதான் வழி. நமக்கு வேர்ப்பதெல்லாம் இந்த மூன்றாவது ரகத்தில்தான்.

ஆக, அனிமாஸ் ஃபோர்க்ஸ்வரை போய்த் திரும்புவதென்றால் காய்ந்த நாளில் க்ராஸ்ஓவரே போதும். கலிஃபோர்னியாவில் போடி என்ற ஆளில்லாத சுரங்க ஊர் இன்னும் சுலபம், கடைசி மூன்று மைல்தான் மண்பாதை. வெறிச்சோடிய சுரங்க ஊரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் இதற்கு மேல் படிக்காமல் பெட்ரோலை மிச்சப்படுத்தலாம்.

பாஸைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதி. வண்டி ஏறுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு விழுந்துவிடும். ஆனாலும் பெரும்பாலான க்ராஸ்ஓவர்கள் முக்கி முனகி ஏறிவிடும். ஏறாவிட்டாலும் பெரிய மோசம் இல்லை, நின்றுவிடும். இறக்கத்தில்தான் நிற்காது.

ஒரு சின்ன கணக்கு. நாலு பேரும் சாமானும் சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வையுங்கள். சின்னமன் உச்சியிலிருந்து லேக் சிட்டிவரை இறக்கம் கிட்டத்தட்ட 4,000 அடி, அதாவது 1,200 மீட்டர். அந்த உயரத்தை இழக்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 23 மெகாஜூல். சாதாரணத் தண்ணீர் 70 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் மணிக்கு ஐந்து மைலில் ஊர்ந்து போகும் வண்டிக்குக் காற்று எவ்வளவு தடுத்துவிடப் போகிறது? மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை அகல பிரேக் பேடுகள் வாங்க வேண்டும். இறக்கத்தின் செங்குத்தான பகுதியோ முதல் சில மைல்களிலேயே முடிந்துவிடுகிறது, அதனால் சூடும் அங்கேயே குவிகிறது.

மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம் 'ஏறின கியர்லயே இறங்கு' என்பது. அது சரிதான், ஆனால் அந்தக் கியர் வண்டியில் இருக்க வேண்டுமே. ஃபோர்ரன்னரின் கியர் விகிதங்கள்: முதல் கியர் 3.52, லோ ரேஞ்ச் 2.566, ஆக்ஸில் 3.73. மூன்றையும் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் சுமார் 34 சுற்று சுற்ற வேண்டும். சும்மா ஓடும் வேகத்தில் கணக்குப்படி மணிக்கு இரண்டு மைல் வரும். நிஜத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவுவதால் அதைவிடக் கொஞ்சம் கூடும். பெல்ட் கியர்பாக்ஸ் வைத்த க்ராஸ்ஓவர்களில் இந்தப் பெருக்கம் பொதுவாக அதில் பாதியைத் தாண்டுவதில்லை. அதுவும் மெதுவாகப் போகும்போது கன்வெர்ட்டரின் லாக் விட்டுவிடும், இன்ஜின் பிடிக்கிறது என்ற உணர்வே இருக்காது. அண்ணனின் பிரேக் லைட் எரியாததற்கும் என்னுடையது அணையாததற்கும் இதுதான் காரணம்.

"இறக்கத்துக்குன்னு பட்டன் இருக்கே" என்பார்கள். என் க்ராஸ்ஓவரிலும் இருந்தது, நானும் அதை நம்பித்தான் இறங்கினேன். பட்டனை அழுத்தினால் வண்டி தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கட்டுப்படுத்துவது எதை வைத்து? அதே பேட், அதே டிஸ்க், அதே பிரேக் ஆயில்தான். உங்கள் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மிதிக்கிறது, சூடு அதே சூடுதான். இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று பிரேக் ஆயில். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி ஆழமாகப் போகும். அன்று என் மிதி ஆழமாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆயிலை மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது என் தவறு, வண்டியின் தவறு இல்லை. க்ராஸ்ஓவரோடுதான் போகப்போகிறீர்கள் என்றால் கிளம்புமுன் ஆயிலை மாற்றிவிடுங்கள். உச்சியிலிருந்தே மேனுவல் மோடில் முதலாவது கியரைப் பிடியுங்கள். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள். வாடை வரும்வரை காத்திராமல் நிறுத்தி ஆற விடுங்கள். கீழேயிருந்து ஏறி வருபவருக்குத்தான் முன்னுரிமை என்பதால், ஒதுங்கும் இடங்களில் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள்.

டயர் இரண்டாவது விஷயம், ஆனால் அது வண்டியைத் தேர்ந்தெடுக்கும் காரணம் இல்லை. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் யூபிஹீபி எரிமலைவாயிலிருந்து ரேஸ்ட்ராக் என்ற காய்ந்த ஏரிப்படுகைவரை 27 மைல் நெளிநெளியான சரளைப் பாதை. அங்கே எந்த வண்டியானாலும் கூரான கல் டயரைக் கிழிக்கும். கார் டயரோடு போகாதீர்கள், காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைப் பாருங்கள். பல க்ராஸ்ஓவர்களில் இருப்பது ஒல்லியான தற்காலிகச் சக்கரம், 27 மைல் சரளையில் அது பேருக்குத்தான். அந்தப் பூங்காவின் உள்பாதைகளிலிருந்து வண்டியை இழுத்து வர ஆயிரம் டாலரைத் தாண்டலாம்.

வாடகை ஜீப் நல்ல மூன்றாவது வழி. யூரேயிலும் சில்வர்டனிலும் லோ ரேஞ்சோடு நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் வண்டியே வாங்க வேண்டாம் என்று எனக்கே தோன்றுகிறது. நாங்கள் கோடைக்கு ஐந்தாறு தடவை போகிறோம், அதனால் கணக்கு மாறியது. விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரை மட்டும் இந்தப் பாதைகளுக்குக் கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன, அடிபட்டால் செலவு உங்கள் தலையில். சைடு பை சைடு என்ற சின்ன திறந்த ஆஃப்ரோடு வண்டியில் ஒரே ஒருமுறை உட்கார்ந்து போயிருக்கிறேன், ஓட்டியதில்லை. ஞாபகம் இருப்பது தூசியும் மதிய மழையும்தான். மின்சார வண்டி இறங்கும்போது பேட்டரிக்கே ஆற்றலைத் திருப்பி அனுப்பும் என்பதால் என் ஒரே பெரிய குறை அதில் இருக்காது. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோர்ரன்னரின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் வலிக்கிறது. அலுவலகம் போய்வர அது அநியாயமாகப் பெரிய வண்டி. முன், பின் டிஃப்ரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று மூன்று இடத்தில் கூடுதலாக ஆயில் மாற்ற வேண்டும். பார்ட் டைம் ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது, வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். போன கோடையில் அதே சின்னமன் இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியரில் இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கீழே வந்து சக்கரத்தின் பக்கம் கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். "இந்த வேகத்துல போனா எப்பங்க போய்ச் சேர்றது?" என்றாள் மனைவி. அதுவும் ஒரு நியாயமான குறைதான்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஊருக்குள்ளேயே ஓடிய வண்டிகளில் லோ ரேஞ்சை ஒருநாள்கூடப் போட்டிருக்க மாட்டார்கள், லீவர் இறுகிக் கிடக்கும். ஓட்டிப் பார்க்கும்போது மண் தரைக்குக் கொண்டு போய், முழுசாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் (ஃபோர் வீல், லோ ரேஞ்ச்) போடுங்கள். டாஷ்போர்டில் விளக்கு வர வேண்டும், பிரேக்கை விட்டால் வண்டி நடை வேகத்தில் ஊர வேண்டும். திரும்ப 2எச்சுக்கு (டூ வீல், சாதாரண ரேஞ்ச்) வரும்போதும் சத்தமில்லாமல் வர வேண்டும். விற்பவர் "அதெல்லாம் எதுக்கு சார், ஊருக்குள்ள தேவைப்படாது" என்று சொன்னால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.