படம் இருட்டாக வந்தால் கெயினா, டிஜிட்டல் ஷிஃப்ட்டா?

தொழிற்சாலைக் கேமராவில் படம் இருட்டாக வந்தால் முதலில் விளக்கு, பிறகு லென்ஸ் திறப்பு, பிறகு எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்). சென்சாருக்கு ஒளியைக் கூட்டித் தருபவை இவை மட்டுமே. ஆனால் பெல்ட் நொடிக்கு 500 மி.மீ. ஓடினால், 200 மைக்ரோநொடி எக்ஸ்போஷரிலேயே பொருள் 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். 800 வைத்தால் 0.4 மி.மீ. இழுசல். அதற்கு மேல் ஏற்ற முடியாதபோதுதான் கெயினா (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அமைப்பு), டிஜிட்டல் ஷிஃப்ட்டா (எண்ணாக மாறிய மதிப்பின் பிட்டுகளை மேலே நகர்த்திப் பெருக்குவது) என்ற கேள்வி. நாங்கள் வைப்பது கெயின்தான்.

ஷிஃப்ட் 2, 4, 8, 16 மடங்கு என்று தாவும், இடையில் நிற்காது. கெயினில் 6 டெசிபெல் ஏறக்குறைய 2 மடங்கு, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இது சின்ன வசதி. முடிவு செய்வது வேறொன்று: பெருக்கல் எந்தக் கட்டத்தில் நடக்கிறது?

அனலாக் கெயின் சிக்னல் எண்ணாக மாறுவதற்கு முன்பே பெருக்குகிறது. அதற்குப் பின் சேரும் இரைச்சலும், எண்ணாக்கும்போது வரும் பிழையும் பெருகுவதில்லை. ஷிஃப்ட்டோ எண்ணான பிறகு அத்தனையையும் சேர்த்தே பெருக்கும்.

12 பிட் சென்சாரில் அடுத்தடுத்த இரு பிக்சல்கள் 96, 107 என்று வைத்துக்கொள்வோம். பிக்சலுக்கு 8 பிட் மட்டும் அனுப்பும் மோனோ8-இல் கீழ் 4 பிட் வெட்டுப்பட்டு இரண்டுமே 6 ஆகிவிடும். கேமராவுக்குள் 2 பிட் ஷிஃப்ட் வைத்தால் 24, 26 என்று பிரிந்து வரும். வெட்டுப்பட இருந்த பிட்டுகள் மேலேறி வந்துவிட்டன. இதையே கணினியில் வந்த 8 பிட் படத்தை 4-ஆல் பெருக்கிச் செய்தால் இரண்டும் 24-தான், வித்தியாசம் தெரியாது. ஆக, மோனோ8-இல் ஷிஃப்ட் பயனுள்ளதுதான். 12 பிட்டையும் அனுப்பும் மோனோ12-இல் அப்படியில்லை. கீழே நிரப்ப பிட் ஏதும் இல்லாததால் எல்லா மதிப்பும் 4-இன் மடங்காக வரும், ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) சீப்புப் பல்லாகும். அங்கே ஷிஃப்ட்டைத் தொடவே வேண்டாம்.

ஷிஃப்ட் வைக்குமுன் படத்தின் மிக வெளிச்சமான இடத்தைப் பாருங்கள். மோனோ8-இல் 1 பிட்டுக்கு 128-க்குக் கீழும், 2 பிட்டுக்கு 64-க்குக் கீழும் இருக்க வேண்டும். தாண்டிய பிக்சல் எல்லாம் 255-இல் முட்டி நிற்கும். பளபளப்பான உலோகத்தில் விளிம்பே காணாமல் போகும். பிளாக் லெவலும் (ஒளியே இல்லாதபோது வரும் அடிமதிப்பு) கூடவே பெருகும்: 2 ஆக இருந்தது 2 பிட் ஷிஃப்ட்டில் 8 ஆகிவிடும், த்ரெஷோல்டு (கருப்பு, வெள்ளை பிரிக்கும் எல்லை மதிப்பு) தவறும்.

செய்முறை: ஆட்டோ கெயின், ஆட்டோ எக்ஸ்போஷர் இரண்டையும் அணைக்கவும். கெயினை 0-வில் வைத்து, லென்ஸை மூடி, ஹிஸ்டோகிராமின் இடப்பக்கம் 0-வில் ஒட்டாதபடி பிளாக் லெவலைச் சரிசெய்யவும். மூடியை எடுத்து, வெளிச்சமான பகுதி 200-ஐ ஒட்டி வரும்வரை கெயினை ஏற்றவும். பிறகு மீண்டும் மூடி, கருப்பைச் சரிபார்க்கவும்.

ஒரு எச்சரிக்கை. பல கேமராக்களில் கெயினின் மேல்பாதி அனலாக் அல்ல, உள்ளுக்குள் டிஜிட்டல் பெருக்கல்தான். எல்லை எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். கேமரா அமைப்புகளில் கெயின் செலக்டரில் அனலாக், டிஜிட்டல் தனித்தனியாக இருந்தால் தெரியும், இல்லையேல் கையேட்டைப் பார்க்க வேண்டும். அந்த எல்லைக்கு மேல் கெயினுக்கும் ஷிஃப்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதுவரை சொன்னது மோனோ (கருப்பு-வெள்ளை) கேமராக்களை வைத்து. வண்ணக் கேமராவில் ஒயிட் பேலன்ஸும் தனிக் கெயினாகக் குறுக்கே வருவதால் இதே அளவு உறுதியோடு சொல்ல மாட்டேன்.