ஃப்யூஷனா, செயற்கை டிஸ்க்கா: மேனிங் போன வழியும் ஐகல் போன வழியும்

கழுத்தில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, பிசியோதெரபியும் ஊசியும் கைகொடுக்கவில்லை என்றால், மோதல் விளையாட்டு ஆடுகிற வீரர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருக்கும். கெட்டுப்போன ஜவ்வை எடுத்துவிட்டு மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றாக ஒட்டி வளரும்படி செய்வது ஃப்யூஷன். அதே இடத்தில் அசையக்கூடிய செயற்கை டிஸ்க் வைப்பது இன்னொன்று. இரண்டிலுமே தொண்டைப் பக்கமாகத்தான் உள்ளே போவார்கள்.

ஃப்யூஷனுக்குப் பெரிய சாட்சி அமெரிக்க ஃபுட்பாலின் பெய்டன் மேனிங். சிறிய ஆபரேஷன்கள் பலன் தராமல், எறியும் கையில் வலு குறைந்து, 2011 செப்டம்பரில் 35 வயதில் ஃப்யூஷன் செய்துகொண்டார். அந்த சீசன் முழுக்கப் போனது, இண்டியானாபோலிஸ் அணியும் விடுவித்துவிட்டது. ஆனால் டென்வருக்குப் போய் 2013 சீசனில் 55 டச்டவுன் பாஸ் (எல்லைக்கோட்டுக்குள் புள்ளியாக முடிகிற எறிதல்) எறிந்து சாதனை படைத்தார், 2016 பிப்ரவரியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்தார். வலது கை விரல்நுனிகளில் மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. இதற்கு ஃப்யூஷனைக் குறை சொல்ல முடியாது, நரம்பு பட்ட அடி அது.

ஐஸ் ஹாக்கி வீரர் ஜாக் ஐகலின் கதை வேறு. 2021 மார்ச்சில் கழுத்தில் அடி, அவருடைய பஃபலோ அணி ஃப்யூஷன்தான் என்றது, அவர் செயற்கை டிஸ்க்தான் வேண்டும் என்றார். அதுவரை என்ஹெச்எல் எனும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் எந்த வீரரும் அதை வைத்துக்கொண்டு ஆடியதில்லை, ஒப்பந்த விதிப்படி கடைசி முடிவும் அணியுடையது. கேப்டன் பதவி பறிபோனது. நவம்பரில் வேகாஸ் அணிக்கு மாறிய கையோடு ஆபரேஷன், 2022 பிப்ரவரியில் களத்தில் இருந்தார். 2023-இல் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப், அதற்கான பிளேஆஃப் எனும் கடைசிச் சுற்றுகளில் அதிகப் புள்ளிகளும் அவருடையதே.

ஒரு வருஷம் எங்கே, மூன்று மாதம் எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். அப்படி நேராக ஒப்பிட முடியாது. மேனிங் எலும்பு ஒட்டுவதற்கு மட்டும் காத்திருக்கவில்லை, கைக்கு வலு திரும்பவும் காத்திருந்தார். ஐகலோ ஆபரேஷனுக்கு முன்பே எட்டு மாதத்தைக் காத்திருப்பிலும் வாக்குவாதத்திலும் தொலைத்திருந்தார்!

எனக்கு முக்கியமாகப் படுவது வயதுதான். ஃப்யூஷன் செய்த இடம் அசையாது, அந்த வேலைச்சுமை பக்கத்து ஜவ்வுகள் மேல் ஏறும், அவற்றில் ஒன்று போய் இரண்டாவது ஃப்யூஷன் வந்தால் மோதல் ஆட்டத்துக்குப் பல டாக்டர்கள் சம்மதிக்க மாட்டார்கள். 35 வயதில் இன்னும் சில சீசன் ஆட நினைப்பவருக்கு அது தாங்கும், 25 வயது ஐகலுக்கு அது பெரிய கணக்கு. மறுபக்கம், கழுத்துக்கான செயற்கை டிஸ்க்குக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்ததே 2007-இல்தான், சோதனைகளும் சாதாரண நோயாளிகள் மேல் நடந்தவை. பத்துப் பதினைந்து வருஷம் இடி வாங்கினால் அது எப்படித் தேயும் என்பதற்கு ஃப்யூஷன் அளவுக்கு அனுபவம் கிடையாது. ஆனாலும் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் அல்ஜமைன் ஸ்டெர்லிங் 2021-இல் அதை வைத்துக்கொண்டு, அடுத்த வருஷமே அந்தச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சியின் கூண்டில் பட்டத்தைத் தக்கவைத்தார். அதனால் இளம் வீரர், ஒரே ஜவ்வு என்றால் என் ஓட்டு டிஸ்க்குக்கு.

தண்டுவடம் போகும் பாதையே குறுகலாக இருந்தால் அப்புறம் இந்த விவாதத்துக்கு வேலையில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்க ஃபுட்பால் வீரர் டேவிட் வில்சனுக்கு அந்தச் சிக்கல் இருந்தது. 2014 ஜனவரியில் ஃப்யூஷன், ஜூலையில் பயிற்சிக்கு அனுமதி, ஆகஸ்டில் ஓய்வு. வயது 23.