கோவளத்தில் அலைச்சறுக்கு: ஆசிரியை அருமை, அறைதான் போதாது

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுத்தரும் பள்ளிகள் சில உண்டு. அவற்றில் ஒன்றில் பெண்களுக்கென்று தனியாக நடக்கும் காலை வகுப்பில் நானும் என் நாத்தனாரும், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும் இந்தக் கோடையில் சேர்ந்தோம். பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்பதே நியாயம்.

முதலில் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனவர் குடும்பத்துப் பெண், வயது இருபதுகளில்தான் இருக்கும். எங்களைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்றைக்குத் தெண்டி ஓடுகிறது, அக்கா" என்றார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத்தான் இந்தக் கரையில் அப்படிச் சொல்கிறார்கள். மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு நீலப் படகை அடையாளம் காட்டி, அதற்கு வடக்கே போய்விட்டால் உடனே கரையேறி நடந்து திரும்பிவிட வேண்டும் என்றார். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும் என்பதை எங்கள் மூவரையும் திருப்பிச் சொல்லவைத்தார். பாட்டியோ அம்மாவோ எனக்குச் சொல்லித்தராத பாடம் இது. கடலோர மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும், கணுக்கால் நனைவதோடு கடலை முடித்துக்கொண்ட தலைமுறைகள் நாங்கள்.

பிறகு மணலில் பயிற்சி. குப்புறப் படுத்து, இரு கைகளையும் மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழுச்சியில் பக்கவாட்டாக நிற்க வேண்டும். எந்தக் கால் பின்னால் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலகையோடு பிணைக்கும் கயிற்றை அந்தப் பின்காலின் கணுக்காலில்தான் கட்டுகிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குத் தருவது மேற்பரப்பு மென்மையான, ஏறக்குறைய ஒன்பது அடி நீளப் பலகை. நீளமும் அகலமும் கூடக்கூட ஆட்டம் குறையும். விதிகளில் இரண்டை மறக்கவே கூடாது. உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது, ஏனென்றால் அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே அடிக்கும். விழுந்தால் தலைகுப்புற விழக்கூடாது. தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மறைத்துக்கொண்டே எழ வேண்டும்.

இடுப்பளவு நீரில், உடைந்து நுரைத்து வரும் அலைகளில்தான் வகுப்பு நடக்கிறது. ஆசிரியை பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளிவிடுவாரே தவிர, எங்கள் உடலில் கை வைக்க வேண்டிய இடத்தில் "பிடித்துக்கொள்ளட்டுமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடித்தார். உதவிக்கு இருந்த இளைஞர்களும் இதைப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு பயிற்சியாளர். "காலைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்" என்ற குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நாத்தனார் எழுந்து நின்று கரைவரை வந்தபோது அவர் போட்ட கூச்சலுக்கு, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் அப்படி வாய்விட்டுக் கத்துவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

உடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தயங்கும் பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான். பருத்திச் சுடிதார் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், துப்பட்டா ஆபத்து. உடலோடு ஒட்டிய முழுக்கை நைலான் மேலாடையும் கணுக்கால்வரை வரும் லெக்கிங்ஸும் போதும். வெயிலிலிருந்தும் பலகை உராய்வதிலிருந்தும் அவை காக்கும். பலகையில் படுத்தே இருப்பதால் மார்பு வலிக்கும். கம்பியில்லாத, இறுக்கமான விளையாட்டு உள்ளாடை அணிந்து வரும்படி ஆசிரியை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஓர் ஆண் பயிற்சியாளர் சொல்லியிருப்பாரா, சொன்னால் நாம்தான் இயல்பாகக் கேட்டிருப்போமா என்பது சந்தேகமே. மாதவிடாய் நாளானால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், கூடுதல் கட்டணம் இல்லை என்றும் சொன்னார். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்று நாத்தனார் உறுதியாக இருந்தார். அதற்கும் முகம் சுளிக்காமல், உயர்ந்த கழுத்துள்ள மேலாடையைத் தேடி எடுத்து வந்து, சங்கிலியை உள்ளே அடக்கிவிட்டார்.

குறைகளும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பள்ளி இரவல் தரும் மேலாடைகள் எல்லாம் ஒல்லியான இளைஞர்களின் அளவு. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒன்றும் ஏறவில்லை. எனக்குக் கிடைத்தது தையல் விட்டுப்போன ஒன்று. உடை மாற்ற ஒரு தகரக் கொட்டகை, அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் மாற்ற இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரே குழாய், அதுவும் வெட்டவெளியில். தனியாக வரும் பெண் என்ன செய்வாள்? பெண்களுக்கான வகுப்பு என்று விளம்பரம் செய்பவர்கள் பலகை வாங்குவதற்கு முன்பே தாழ்ப்பாள் வாங்கியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிது புகைப்பட விவகாரம். வகுப்பு முடிந்த அன்று மாலையே ஈர உடையில் நாங்கள் இருக்கும் படங்கள் பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏறிவிட்டன. கையெழுத்திட்ட படிவத்தில் பொடி எழுத்தில் அதற்கு அனுமதி இருந்ததாம். சொன்னவுடன் நீக்கிவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் வாய்விட்டுக் கேட்டு வாங்காத அனுமதியை நான் அனுமதியாகவே எண்ணமாட்டேன். நாத்தனார் மகளின் வீட்டில் அந்தப் படத்தை யாராவது பார்த்து, "இனிமேல் போகாதே" என்றிருந்தால் அவளுடைய அலைச்சறுக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதல்முறையாக இடம்பெற்றபோது ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 20 என்று இடங்கள் சரிசமமாக ஒதுக்கப்பட்டன. உலக சர்ஃப் லீக் 2019 முதல் இருபாலருக்கும் ஒரே பரிசுத்தொகை தருகிறது. அந்த லீக்கின் பன்னாட்டுப் போட்டி 2023 ஆகஸ்ட்டில் இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவிலுள்ள மாமல்லபுரத்திலேயே நடந்தது. அந்த மாமல்லபுரத்தின் மீனவர் குடியிருப்பில் வளர்ந்த கமலி மூர்த்தி, இன்று தேசிய அளவில் அறியப்பட்ட வீராங்கனை. இவ்வளவு நடந்த கரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும் மேலாடை இல்லை என்பதை என்னால் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்றரை மணி நேர வகுப்புக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். பலகையும் மேலாடையும் அதில் அடக்கம். கற்றுத்தரும் தரத்துக்கு இது நியாயமான கட்டணம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேடிக்கை பார்க்கும் கூட்டமும் நீளும் செல்பேசிகளும் தொல்லை; வார நாளில் காலை ஆறு மணி வகுப்பைக் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று அலையை ஒழுங்காக நிறுத்திக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கிக் கொந்தளிக்கும், புதியவர்களுக்கு ஏற்ற காலமல்ல. நீச்சல் தெரியாவிட்டாலும் இடுப்பளவு நீரில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு மாதம் பழகிவிட்டு வருவதே என் பரிந்துரை. எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டும் முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: பெண் பயிற்சியாளர் உண்டா, என் அளவில் மேலாடை உண்டா, உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, என்னைக் கேட்காமல் படம் போடுவீர்களா? எங்கள் பள்ளியில் முதல் கேள்விக்கு மட்டும்தான் இப்போது நல்ல பதில் இருக்கிறது. மற்றவற்றைச் சரிசெய்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆவணியில் மறுபடி போகும்போது தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்ப்பேன்.