மஸ்டா, ஹாவ் டுவா: எதை முதலில் படிப்பிப்பது?

'செய்ய வேண்டும்' என்பதற்கு ஆங்கிலத்தில் மஸ்ட்டும் இருக்கிறது, ஹாவ் டுவும் இருக்கிறது. கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இரண்டில் எதை முதலில் கொடுப்பது என்று வந்தபோது ஹாவ் டு பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மஸ்ட்டின் வசதி தெரிந்ததுதான். ஐ, ஹீ, தே எது வந்தாலும் மாறாது. பின்னால் வினையடியைப் போட்டால் சரி, நடுவில் 'டு' வேண்டாம். ஹாவ் டுவோ ஹீ, ஷீ வந்தால் ஹாஸ் டு ஆகும். கேள்விக்கு டூ, டஸ் தேட வேண்டும். பிள்ளைகள் தொடக்கத்தில் முனகத்தான் செய்வார்கள்.

ஆனால் எதிர்மறைக்கு வாருங்கள். உடன்பாட்டில் ஒன்றாகப் போகும் இரண்டும் 'நொட்' சேர்ந்ததும் பிரிந்துவிடும். 'யூ மஸ்ட் நொட் பே' என்றால் காசு கட்டக்கூடாது. 'யூ டோன்ட் ஹாவ் டு பே' என்றால் கட்டத் தேவையில்லை, விரும்பினால் கட்டலாம். இலவச மருத்துவ முகாமுக்கு அறிவித்தல் எழுதச் சொன்னால் பலர் முதலாவதைத்தான் எழுதுவார்கள். மஸ்ட் மட்டும் பழகிய பிள்ளை வேறென்ன செய்யும்? தெரிந்த சொல்லோடு நொட்டை ஒட்டிவிடும். முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைகளைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே 'யூ மஸ்ட் நொட் கோ இன்' தான் சரி. 'டோன்ட் ஹாவ் டு' என்று எழுதினால், போனாலும் பரவாயில்லை என்றாகிவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிய பிறகு அதிகம் விளக்கத் தேவைப்படுவதில்லை.

இறந்தகாலத்திலும் ஹாவ் டு தான் கைகொடுக்கும். கடமைப் பொருளில் மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவமே கிடையாது. குடும்பத்தின் இடப்பெயர்வை எழுதும் பிள்ளை 'வீ மஸ்ட் லெஃப்ட்' என்று தடுமாறும். எழுத வேண்டியது 'வீ ஹாட் டு லீவ்'. வன்னியில் இந்த வசனம் தேவைப்படாத வீடு குறைவு.

அதற்காக மஸ்ட்டை ஒதுக்க முடியாது. விதிமுறைகளில் அது எடுப்பாக நிற்கும். ஊகத்துக்கும் அதுதான் பொருத்தம்: வீட்டில் லைட் எரிந்தால் 'ஹீ மஸ்ட் பி அட் ஹோம்'. அதன் எதிர்மறை மஸ்ட் நொட் அல்ல, 'கான்ட் பி'. சின்ன வகுப்புகளுக்கு என் ஒழுங்கு பொருந்துமா என்று பார்த்ததில்லை. அவர்களுக்கு மஸ்ட்டின் எளிமையே உதவக்கூடும். தரம் 10இல், ஹாவ் டு மூன்று காலத்திலும் ஓடத் தொடங்கிய பிறகுதான் மஸ்ட்டை எடுக்கிறேன், அதுவும் 'மஸ்ட் நொட்'டில் தொடங்கி.