இருவர் வீட்டுக்கு ஒரே கூடை: தாய்லாந்தா, ஜப்பானா, சீனமா?

நால்வர் உண்ணும் வீட்டில் ஒரு கட்டுக் கீரை ஒரே வேளையில் தீர்ந்துவிடும். இருவர் வீட்டில் அதே கட்டின் பாதி மூன்றாம் நாள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருந்து, இருவரும் வேலைக்குச் செல்லும் எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் பேட்டைப் பேரங்காடிக்குப் போய்வருவதுதான் வாரத்தின் ஒரே கொள்முதல். ஆகவே எந்த நாட்டுச் சமையல் சுவை மிகுந்தது என்று நான் பார்ப்பதில்லை. ஒருமுறை வாங்கிவந்த பொருள்கள் ஐந்து இரவுகளுக்கு வீணாகாமல் கைகொடுக்கின்றனவா என்றுதான் பார்க்கிறேன்.

நம் நாக்குக்கு மிக நெருக்கமானது தாய்லாந்துக் கூடை. உள்ளூரில் செராய் என்று சொல்லும் எலுமிச்சைப் புல், பேரரத்தை, லிமாவ் புருட் என்னும் ஒருவகை எலுமிச்சையின் இலை, பச்சை மிளகாய், மீன் சாஸ், தேங்காய்ப்பால் ஆகியவை இருந்தால் பச்சைக் கறி, தோம் யாம் சூப், துளசி இலை போட்டு வதக்கிய கோழி என மூன்று வேளைகள் எளிதில் அமையும். அந்தக் கோழிக்குத் தாய்லாந்தில் போடும் கிராப்பாவ் இலை நம் வீட்டுத் துளசியின் இனமே என்பதை அறிந்தபோது எனக்கு அந்த உணவின் மேல் தனிப் பிரியம் வந்தது. ஆனால் இந்தக் கூடைதான் மூன்றிலும் விரைவாகக் கெடுகிறது. பச்சைக் கறியில் சேர்க்கும் தாய்லாந்துப் பேசில் என்னும் வேறொரு துளசி வகையின் இலையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மறுநாளே விளிம்பிலிருந்து கறுத்து, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குழைந்துவிடுகிறது. குளிர் அதற்கு ஆகாது. தண்டின் நுனியை வெட்டி, நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, சமையலறை மேடையில் வெயில் படாத இடத்தில் வைத்தால்தான் நான்கைந்து நாள் தாங்கும். தேங்காய்ப்பாலில் 400 மி.லி. டப்பாவைத் தவிர்த்து 200 மி.லி. பெட்டியாக வாங்குவது நல்லது, ஏனெனில் திறந்த பாலை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதற்காகவே விருப்பமில்லாத இன்னொரு கறி வைக்க வேண்டியதாகிவிடும்.

ஜப்பானியக் கூடையில் வீணாவது மிகக் குறைவு. மிசோ உப்பும் நொதிப்பும் சேர்ந்த சோயா விழுது என்பதால் மாதக்கணக்கில் கெடாது. கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியும் அப்படியே. 1908இல் கிக்குனாயே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் உமாமி என்னும் ஐந்தாம் சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது இந்தக் கொம்புவிலிருந்துதான். கோழியையும் முட்டையையும் சோயா சாஸ் கலந்த சாற்றில் வேகவைத்துச் சோற்றின்மேல் சரிக்கும் ஓயாகோதோன், ஒரு கிண்ணம் ஓர் ஆள் என்ற கணக்கிலேயே செய்யப்படும் உணவு. இருவர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. ஆயினும் சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, கடற்பாசிச் சாறு என்ற ஒரே சுவை வாரம் முழுவதும் சுற்றிச் சுற்றி வருவதால், மூன்றாம் இரவில் என் கணவர் ஊறுகாய் பாட்டிலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

சீன வீட்டுச் சமையலின் கூடையை நான் முதலிடத்தில் வைக்கிறேன். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சோயா சாஸ், சிப்பி சாஸ், டோஃபு, சாய் சிம் கீரை, முட்டைக்கோஸ், முட்டை, ஒரு துண்டு மீன், கொஞ்சம் கொத்துக்கோழி ஆகியவற்றோடு கூடை நிறைந்துவிடும். இவற்றை முதலில் வாடுவது முதலில் என்ற வரிசையில் சமைத்தால் போதும். சனியன்று கொடுவா மீன் துண்டைப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, மேலே நூலாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் பரப்பி, புகையக் காய்ந்த எண்ணெயை ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். சுரீரென்ற ஓசையோடு எழும் அந்த மணத்துக்காகவே நான் சனிக்கிழமையை எதிர்பார்க்கிறேன். ஞாயிறன்று பூண்டு போட்டு வதக்கிய சாய் சிம்மும் முட்டைப் பொரியலும் போதுமானவை. திங்களன்று, சிச்சுவான் மாநிலத்தின் நொதித்த மொச்சை மிளகாய் விழுதில் கொத்துக்கோழியைக் கிளறி, டோஃபுவைச் சேர்த்தால் மாப்போ டோஃபு ஆகிவிடும்; கோழியை மட்டும் சனியன்றே உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அன்று சோற்றை இரு மடங்காக வடித்து, மீந்ததை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன், ஏனெனில் வெளியில் கிடக்கும் சோற்றில் பெருகும் பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. செவ்வாயன்று அந்தச் சோறு முட்டை வறுசோறாகிறது. புதனன்று, அதுவரை வாடாத முட்டைக்கோஸ் மீ நூடுல்ஸோடு சேர்கிறது.

மற்ற இரண்டையும் நான் கைவிட்டுவிடவில்லை. செராயும் பேரரத்தைத் துண்டுகளும் லிமாவ் புருட் இலையும் உறைநிலையில் மணம் குன்றாமல் இருக்கும் என்பதால், மாதம் ஒருமுறை ஒரு பொட்டலம் வாங்கி அங்கே போட்டுவைக்கிறேன். மிசோ டப்பா ஒன்று எப்போதும் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. சீனக் கூடையோடு அந்த வாரம் கால் கிலோ இறால் மட்டும் கூடுதலாக வாங்கிவந்து உறைநிலையில் வைத்தால், வியாழன் இரவுக்குத் தோம் யாம் தயார்.